கை எட்டாத கார்டுகள்: கோளாறைப் பார்த்து விரலை மாற்றும் வழி

பியானோவில் அகலமான கார்டு (ஒரே நேரத்தில் சேர்த்து ஒலிக்கும் பல நோட்டுகள்) பிடிபடவில்லை என்றால் பலரும் முதலில் கேட்பது, கையை இன்னும் விரிக்க என்ன பயிற்சி என்றுதான். விரிப்பது கடைசி வழி. பல சமயம் தேவையே இல்லாத வழி. எந்த நோட்டை எந்தக் கை எடுக்கிறது, எதை விட்டாலும் கார்டு கெடாது, பெடல் எந்த நொடியில் மாறுகிறது என்ற மூன்றையும் சரிசெய்தால் பெரும்பாலான கார்டுகள் சின்னக் கைக்குள்ளும் வந்துவிடும்.

இது பாண்டியிலும் கடலூரிலும் வீட்டில் பியானோ பழகுபவர்களையும், ஞாயிறு ஆராதனையில் கீபோர்டு வாசிப்பவர்களையும் மனதில் வைத்து எழுதியது. இரண்டுக்கும் வழி வேறுபடும் இடங்களில் அதைத் தனியாகச் சொல்லியிருக்கிறோம். விரல் எண்கள் வழக்கமானவை: கட்டைவிரல் 1, சுட்டுவிரல் 2, நடுவிரல் 3, மோதிரவிரல் 4, சுண்டுவிரல் 5.

முதலில் கையை அளந்துகொள்ளுங்கள்

வழக்கமான பியானோவில் ஒரு வெள்ளைக் கட்டையின் அகலம் ஏறக்குறைய 23.5 மி.மீ. ஒரு சி-யின் நடுவிலிருந்து அடுத்த சி-யின் நடுவரை, அதாவது ஓர் ஆக்டேவ், 164 முதல் 165 மி.மீ. அதைத் தாண்டி டி வரை போனால் நைன்த், 188 மி.மீ. இ வரை போனால் டென்த், சுமார் 211 மி.மீ. நடுவைத் தொடாமல் உள்விளிம்புகளை மட்டும் பிடித்தால் இவை ஒவ்வொன்றிலும் ஒரு கட்டை அகலம் குறையும். அதனால் டென்த்துக்குக் குறைந்தது 188 மி.மீ. விரிவு வேண்டும்.

மேசைமேல் கையை அழுத்தி ஸ்கேலால் அளப்பது போதாது. கட்டை சுமார் 10 மி.மீ. கீழே இறங்க வேண்டும். அதை இறக்க 50 கிராம் அளவுக்கு எடையும் விழ வேண்டும். முழுக்க விரிந்த விரலுக்கு அந்தப் பலம் இருக்காது. ஆகவே கட்டைகள் மேலேயே சோதியுங்கள். 1, 5 விரல்களைச் சி–சி மேல் வைத்து, மணிக்கட்டைத் தளர்த்தி, மெதுவாக நான்கு முறை அடியுங்கள். மணிக்கட்டு ஆடுகிறது, 2, 3, 4 விரல்கள் தன்னிச்சையாக அசைகின்றன என்றால் அந்த அகலம் உங்களுக்குச் சௌகரியம். உள்விளிம்பு மட்டும் பிடிபடுகிறது, நடுவிரல்கள் விறைத்து நிற்கின்றன என்றால் அது ‘விளிம்பு எட்டு’, அதாவது விளிம்பில் மட்டுமே எட்டும் அகலம். மெதுவான பாட்டில் ஓரிரு கார்டுக்கு அது ஆகும், வரிசையாக வரும் கார்டுகளுக்கு ஆகாது. நைன்த், டென்த் இரண்டையும் இப்படியே சோதித்து, இரு கைகளுக்கும் தனித்தனியாகக் குறித்துக்கொள்ளுங்கள். இரண்டு கைகளும் ஒரே அளவு விரியும் என்று எண்ண வேண்டாம்.

கோளாறு: பாமாலையில் டெனர் நோட் இடக்கைக்கு எட்டவில்லை

நம் பக்கத்து ஆலயங்களில் அதிகம் பேர் திணறுவது இங்கேதான். பாமாலைகள், கீழிருந்து மேலாகப் பேஸ், டெனர், ஆல்டோ, சோப்ரானோ என்ற நான்கு குரலுக்கு எழுதப்பட்டவை. கீழ்வரியில் பேஸும் டெனரும், மேல்வரியில் ஆல்டோவும் சோப்ரானோவும் இருக்கும். பாடுபவர்களுக்காக எழுதியதால் பேஸுக்கும் டெனருக்கும் நடுவே எவ்வளவு இடைவெளி விழுகிறது என்று யாரும் பியானோக்காரரின் கையைப் பார்த்து அளக்கவில்லை. கீழ்வரி முழுக்க இடக்கைதான் வாசிக்க வேண்டும் என்று எங்கும் விதியும் இல்லை.

ஓர் எடுத்துக்காட்டு. பேஸ் நடு சி-க்கு ஓர் ஆக்டேவ் கீழுள்ள சி. டெனர் நடு சி-க்கு மேலுள்ள இ. ஆல்டோ அதற்கு மேல் ஜி, சோப்ரானோ அதற்கும் மேல் சி. கீழ்வரியைப் பார்த்தால் இடக்கைக்கு டென்த். ஆனால் டெனரின் இ-யிலிருந்து சோப்ரானோவின் சி வரை ஆறே கட்டைதான். மூன்றையும் வலக்கை 1-2-5 விரல்களில் எளிதாக எடுத்துவிடும். இடக்கைக்குத் தனி சி மட்டுமே மிச்சம். விருப்பமானால் அதை ஆக்டேவாக்கிக் கனம் கூட்டலாம்.

செய்முறை இது. பாட்டு முழுக்க டெனரையும் சோப்ரானோவையும் மட்டும் பார்த்துக்கொண்டு போங்கள். இரண்டுக்கும் நடுவே ஆக்டேவோ அதற்குக் குறைவோ இருக்கும் இடமெல்லாம் டெனர் வலக்கைக்குப் போகலாம். பென்சிலால் அந்த நோட்டிலிருந்து மேல்வரிக்கு ஒரு சிறு கோடு இழுத்துவிடுங்கள். எட்டாத கார்டில் மட்டும் கை மாற்றி அடுத்ததிலேயே திருப்பினால் கட்டைவிரல் தாவித் தாவித் தடுமாறும். அதனால் எட்டாத கார்டுக்கு ஒன்றிரண்டு கார்டு முன்பே மாறி, சொற்றொடர் முடியும் இடத்தில் திரும்புங்கள்.

டெனரும் ஆல்டோவும் பக்கத்துப் பக்கத்து வெள்ளைக் கட்டைகளாக வந்தால் ஒரே கட்டைவிரல் இரண்டையும் அழுத்தலாம். டி செவன்த் கார்டில் சி–டி இரண்டும் 1, எஃப் ஷார்ப் 3, ஏ 5. கட்டைவிரலைப் படுக்க வைத்து, இரு கட்டைகளுக்கு நடுவிலுள்ள கோட்டின் மேல் நகக்கணு விழும்படி வையுங்கள். மணிக்கட்டு சற்றே தாழ்ந்திருக்க வேண்டும். ஒன்று முந்தி ஒன்று பிந்தி ஒலித்தால் விரல் கோட்டிலிருந்து ஒரு பக்கம் விலகியிருக்கிறது என்று பொருள். அதற்காக வேகமாகக் குத்த வேண்டாம், இடத்தை மட்டும் மாற்றுங்கள்.

இரு கைக்கும் எட்டாத கார்டும் உண்டு. பேஸ் ஜி, அதற்கு டென்த் மேலே டெனர் பி, பிறகு ஆல்டோ ஜி, உச்சியில் சோப்ரானோ டி. டெனரை வலக்கைக்குக் கொடுத்தாலும் பி-யிலிருந்து டி வரை அங்கேயும் டென்த். எட்டவில்லை என்று பி-யைத் தூக்கிவிடுவது பெரிய தவறு. ஜி-யிலிருந்து எண்ணினால் இந்தக் கார்டில் மூன்றாம் நோட் அது ஒன்றுதான். அது போனால் மேஜரா மைனரா என்பதே தெரியாது. இங்கே இரண்டு வழி உண்டு. சபையார் பாடும்போது பி-யை ஓர் ஆக்டேவ் மேலே தூக்கி, வலக்கையில் ஜி–பி–டி என்று நெருக்கமாகப் பிடியுங்கள். இடக்கை ஜி ஆக்டேவ். கொயர் பயிற்சியில் இது உதவாது, டெனர் பாடுபவர்களுக்குத் தங்கள் சுரம் தங்கள் உயரத்திலேயே கேட்க வேண்டும். அப்போது பேஸை ஓர் ஆக்டேவ் மேலே கொண்டுவந்து இடக்கையில் ஜி–பி என்று பிடியுங்கள். பேஸ் டெனரைத் தாண்டி மேலே ஏறிவிடாதவரை இது சரி.

எதை விடலாம் என்பதற்கு எங்கள் வரிசை: முதலில் இரட்டிப்பாக வரும் உள்நோட். அடுத்து ஐந்தாம் நோட், அதுவும் அது டிமினிஷ்டோ (அரைச்சுரம் குறைந்தது) ஆக்மென்டடோ (அரைச்சுரம் கூடியது) இல்லாதபோது மட்டும். மூன்றாம் நோட், செவன்த், பேஸ், உச்சி நோட் ஆகியவற்றைத் தொடக்கூடாது.

கோளாறு: இடக்கை டென்த் சில கீயில் எட்டுகிறது, சிலவற்றில் எட்டவில்லை

இது கையின் குறை அல்ல, கட்டைகளின் அமைப்பு. சி–இ, எஃப்–ஏ, ஜி–பி ஆகியவற்றில் இரு முனையும் வெள்ளை. கையை முன்விளிம்புக்கு இழுத்து அங்கேயே விரிக்கலாம். டி–எஃப் ஷார்ப்பில் கட்டைவிரல் கருப்பின் மேல் ஏற முழுக் கையும் உள்ளே போக வேண்டியிருக்கிறது. போனால் சுண்டுவிரல் டி-யின் இரு பக்கத்துக் கருப்புகளுக்கு நடுவே மாட்டுகிறது. பி ஃப்ளாட்–டி, இ ஃப்ளாட்–ஜி போன்றவற்றில் இதே தொல்லை தலைகீழாக வரும்.

மெதுவான பாட்டில் டென்த்தைப் பிடிக்காமல் நடந்து போவதே அழகு. சி 5, ஜி 2, இ 1 என்று ஒவ்வொரு தட்டுக்கு ஒன்றாக வாசியுங்கள். 2-ஆம் விரல் ஜி-யைத் தொட்டதும் 5 சி-யை விட்டுவிட வேண்டும். 2-ஐ அச்சாக வைத்து முழங்கையை வலப்பக்கம் நகர்த்தினால் கட்டைவிரல் விரியாமலே இ-க்கு வந்து சேரும். சி-யின் ஒலியைப் பெடல் தாங்கும். சுண்டுவிரலைச் சி-யில் ஒட்டவைத்துக்கொண்டே கட்டைவிரலை நீட்டுவதுதான் வழக்கமாக நடக்கும் தவறு.

கீபோர்டில் இன்னொரு வசதியும் இருக்கிறது. டி கீயில் பாட்டு வந்து இடக்கை சிக்கினால், டிரான்ஸ்போஸை, அதாவது பாட்டின் சுருதியை மாற்றும் வசதியை, கூட்டல் 2-க்கு வைத்துச் சி கீயில் வாசிக்கலாம். அடுத்த பாட்டுக்கு முன் பூஜ்யத்துக்குத் திருப்ப மறக்காதீர்கள்.

கோளாறு: வெளிநோட்டுகள் கேட்கின்றன, நடுநோட் கேட்கவில்லை

இரண்டு காரணம் இருக்கலாம். முதலாவது விரல் தேர்வு. ஆக்டேவ் அகலத்தில் நான்கு நோட் பிடிக்கும்போது 3-ஆ 4-ஆ என்ற குழப்பம் வரும். சுண்டுவிரலுக்கும் அதன் பக்கத்து நோட்டுக்கும் எவ்வளவு இடைவெளி என்று பாருங்கள். மூன்று கட்டைக்குள் என்றால் 4, நான்கு என்றால் 3. இதன்படி வலக்கையில் சி–இ–ஜி–சி 1-2-3-5 ஆகும். இ–ஜி–சி–இ, ஜி–சி–இ–ஜி இரண்டும் 1-2-4-5. இடக்கையில் சி–இ–ஜி–சி 5-4-2-1, ஜி–சி–இ–ஜி 5-3-2-1. மோதிரவிரலும் சுண்டுவிரலும் ஒன்றைவிட்டு ஒன்று அதிகம் விலகாது. நான்கு கட்டை இடைவெளியை அவற்றிடம் கேட்டால் மோதிரவிரல் படுத்துவிடும், நோட் மங்கும். விதிவிலக்கு கருப்புக் கட்டையில் வரும். இடக்கையில் டி–எஃப் ஷார்ப்–ஏ–டி-க்கு 5-3-2-1 பலருக்கும் சுகமாக இருக்கும், ஏனென்றால் நீளமான 3 கருப்பை எளிதாக அடைகிறது.

இரண்டாவது காரணம் உள்ளங்கை தட்டையாகிவிடுவது. 1-உம் 5-உம் விரியும்போது கணுக்களின் வளைவு சரிந்து, நடுவிரல்கள் கட்டையைத் தாமதமாகத் தொடுகின்றன. பழகும் முறையை அப்படியே தலைகீழாக்குங்கள்:

1. மெட்ரோனோமை 60-இல் வையுங்கள், நான்கு தட்டுக்கு ஒரு கார்டு.
2. நான்கு விரலையும் கட்டைகள் மேல் சத்தமில்லாமல் வையுங்கள். உள்விரல் இரண்டை மட்டும் அழுத்துங்கள், ஐந்து முறை.
3. அதே நிலையில் வெளிவிரல்களை மட்டும், ஐந்து முறை.
4. பிறகு நான்கும் சேர்த்து. ஒலித்த உடனே மணிக்கட்டைத் தளரவிடுங்கள். கட்டையைக் கீழே வைத்திருக்க அதை இறக்கிய பலம் தேவைப்படாது.

நான்காவது படியில் தளர்வு வரவில்லை என்றால் அந்தக் கார்டு உங்களுக்கு விளிம்பு எட்டு. மேலே சொன்ன வரிசைப்படி ஒரு நோட்டைக் குறையுங்கள்.

கோளாறு: பக்கத்துக் கட்டையும் சேர்ந்து அடிபடுகிறது

எங்கே அடிபடுகிறது என்று பாருங்கள். டி, ஜி, ஏ கட்டைகளில் என்றால் விரல் கருப்புகளுக்கு நடுவே போய்விட்டது. அங்கே வெள்ளையின் அகலம் 13, 14 மி.மீ.தான், பெரியவர்களின் விரல் தாராளமாக நிறைந்துவிடும். கருப்பு தொடங்குவதற்கு முன்னால் வெள்ளைக்குச் சுமார் 5 செ.மீ. நீளம் இருக்கிறது, அங்கே வாருங்கள். கார்டில் கருப்பும் இருந்தால் கருப்பின் முன்முனையை மட்டும் தொட்டு, கையை வெளியே வைத்திருங்கள்.

சுண்டுவிரல் பக்கம் என்றால் அது படுத்து, பக்கவாட்டுச் சதையால் அடிக்கிறது. முழங்கையை உடம்பிலிருந்து ஒரு கையகலம் விலக்குங்கள், விரல் நிமிரும். கட்டைவிரல் பக்கம் என்றால் மணிக்கட்டை ஒன்றிரண்டு செ.மீ. உயர்த்தி, நகத்தின் ஓர முனையால் தொடுங்கள். இருக்கை தாழ்ந்திருந்தாலும் இதே கோளாறு வரும். உட்கார்ந்தபின் முழங்கை கட்டைகளின் மட்டத்திலோ சற்று மேலோ இருக்க வேண்டும். ஆலயத்தில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து உயரமான ஸ்டாண்டில் வாசிப்பவர்கள் முதலில் ஸ்டாண்டை இறக்கிப் பாருங்கள்.

கோளாறு: உருட்டி வாசித்தால் பேஸ் காணாமல் போகிறது

எட்டாத கார்டைக் கீழிருந்து மேலாக உருட்டுவது பழைய, நல்ல வழி. கெடுவது பெடலால். பலர் பழக்கத்தில் மேல்நோட் விழும் தட்டில் பெடலை மாற்றுகிறார்கள். அதற்குள் சுண்டுவிரல் பேஸை விட்டிருக்கும், டாம்பர் இறங்கி ஒலியை அணைத்திருக்கும். கேட்பவர் காதுக்கு அடித்தளம் இல்லாத கார்டு போய்ச் சேர்கிறது.

சரியான வரிசை: பேஸ் கட்டை கீழே இறங்கும் அதே நொடியில் பெடல் மேலே வர வேண்டும். பழைய கார்டு அணைந்ததும், சுண்டுவிரல் பேஸை இன்னும் பிடித்திருக்கும்போதே, பெடல் கீழே போக வேண்டும். அதன் பிறகுதான் கை நகரலாம். பெடலின் தொடக்கத்தில் சிறிது தூரம் வெறும் தளர்வு இருக்கும், டாம்பர் உண்மையில் எங்கே எழுகிறது என்று உங்கள் பியானோவில் காதால் கண்டுபிடித்து வையுங்கள். மெதுவாகப் பழக, பேஸை அடித்து, பெடலை மாற்றி, கையை மடியில் வைத்துவிடுங்கள். பேஸ் தனியாக ஒலித்துக்கொண்டிருந்தால் வரிசை சரி.

தட்டில் விழ வேண்டியது எது? சபை பாடும்போது உச்சி நோட் தட்டில் விழட்டும், பேஸ் ஒரு நொடிப்பொழுது முந்தட்டும். பேஸ் கிட்டார் கூட இருந்தால் உங்கள் பேஸை அதோடு சேர்த்துத் தட்டில் போடுங்கள், இல்லாவிட்டால் இரண்டு பேஸ் கேட்கும்.

ஆர்கன் வாய்ஸில் உருட்டக்கூடாது. பியானோ ஒலி தானாகத் தேயும், ஆர்கன் ஒலி தேயாது. நோட்டுகள் ஒன்றன்பின் ஒன்றாக நுழைவது அப்பட்டமாகத் தெரியும், பெடலை மிதித்தால் எல்லாம் கலங்கும். ஆர்கனுக்குக் கை மாற்றுவதும் நோட் குறைப்பதும் மட்டுமே வழி.

கீபோர்டு பெடல் தலைகீழாக வேலை செய்தால், மிதித்தால் அணைந்து விட்டால் ஒலித்தால், கீபோர்டை அணைத்து, பெடலைச் செருகி, அதை மிதிக்காமல் மறுபடி இயக்குங்கள். பல மாடல்களில் இதிலேயே சரியாகிவிடும்.

கோளாறு: இடக்கைக் கட்டைவிரல் நோட் மட்டும் வேறு கருவியில் ஒலிக்கிறது

விரலில் தவறில்லை. கீபோர்டில் ஸ்ப்ளிட் இயங்குகிறது. இடப்பக்கம் ஒரு வாய்ஸ், வலப்பக்கம் வேறொன்று. பிரிக்கும் இடம் பெரும்பாலும் நடு சி-க்குச் சற்றுக் கீழே இருக்கும், டென்த் பிடித்தால் கட்டைவிரல் எல்லையைத் தாண்டிவிடும். ஸ்ப்ளிட் பாயின்டை மேலே நகர்த்துங்கள், அல்லது ஸ்ப்ளிட்டை அணையுங்கள். ஸ்டைல் (கீபோர்டின் தானியங்கிப் பின்னணி இசை) ஓடும்போது இடக்கைக்கு அகலமான கார்டே வேண்டாம். மூன்று நோட்டை நெருக்கமாகப் பிடித்தாலே கருவி கார்டை அடையாளம் கண்டுகொள்ளும்.

கோளாறு: இரண்டு பக்கம் வாசித்ததும் முன்கை இறுகுகிறது, வலிக்கிறது

நிறுத்துங்கள். வலியோடு பழகினால் கை விரியாது, காயம்தான் ஆகும். சுண்டுவிரலிலும் மோதிரவிரலிலும் மரத்துப்போதலோ கூச்சமோ வந்தால் பியானோ ஆசிரியரிடம் அல்ல, மருத்துவரிடம் போங்கள்.

இறுக்கத்துக்குக் காரணம் பெரும்பாலும் இரண்டு கார்டுகளுக்கு நடுவிலும் கை விரிந்தபடியே இருப்பது. ஒவ்வொரு கார்டுக்கும் பிறகு விரல்கள் ஐந்து கட்டை அகலத்துக்குச் சுருங்கி, அடுத்ததற்கு மறுபடி விரிய வேண்டும். ஆக்டேவ் வரிசையில் கருப்புக் கட்டைக்கு 4 வைக்கச் சொல்லும் வழக்கம் பெரிய கைகளுக்கானது. 1–4 ஆக்டேவ் உங்களுக்கு விளிம்பு எட்டு என்றால் எல்லாவற்றுக்கும் 1–5 வையுங்கள், தொடர்ச்சியைப் பெடலிடம் விடுங்கள்.

விரல்களுக்கு நடுவே கார்க் செருகி விரிப்பது, மறு கையால் இழுப்பது, கருவி மாட்டிக்கொள்வது எதையும் செய்யாதீர்கள். ஜெர்மன் இசையமைப்பாளர் ஷூமன் 1830-களின் தொடக்கத்தில் வலக்கை கெட்டு மேடை வாசிப்பைக் கைவிட்டார். விரலுக்கு அவர் கருவி மாட்டிப் பயின்றதும் தெரிந்த செய்தி. மறுபக்கம் யோசெஃப் ஹோஃப்மன் போன்ற பெரும் கலைஞருக்கு ஸ்டெயின்வே நிறுவனம் குறுகிய கட்டைகளோடு பியானோ செய்து கொடுத்தது. இன்றும் ஆக்டேவ் 6 அங்குலமும் 5.5 அங்குலமும் அகலமுள்ள கீபோர்டுகள் தயாராகின்றன. வழக்கமான அளவு 6.5 அங்குலம். கைக்கு ஏற்பக் கருவி மாறியதுண்டு என்பதைச் சின்னக் கைப் பிள்ளைகளுக்குச் சொல்லி வையுங்கள்.

தேர்வில் நோட் விட்டால் மதிப்பெண் போகுமா?

கிரேடு தேர்வுக்குப் போகும் பிள்ளைகளின் பெற்றோர் இதைத்தான் அதிகம் கேட்கிறார்கள். புத்தகத்தில் அச்சான விரல் எண்கள் பரிந்துரைகள்தான், கட்டளை அல்ல. பிரிட்டிஷ் இசைத் தேர்வு அமைப்பான ஏபிஆர்எஸ்எம்-இன் பியானோ பாடத்திட்டம், கைக்கு ஏற்ற பாடத்தைத் தேர்ந்தெடுக்கச் சொல்கிறது. அங்கங்கே அகலமான இடம் வந்தால், இசை கெடாத வகையில் உருட்டவோ ஒரு நோட்டை விடவோ இடம் கொடுக்கிறது. எனவே பாடம் தேர்ந்தெடுக்கும் நாளிலேயே அகலமான கார்டுகளை எண்ணுங்கள். ஓரிரண்டு என்றால் எடுக்கலாம். பக்கத்துக்குப் பத்து என்றால் பட்டியலில் வேறு பாடம் பாருங்கள்.

மழைக்காலத்தில் மட்டும் வரும் கோளாறு

ஐப்பசி, கார்த்திகையில் மட்டும் ஒரு கார்டு திடீரென்று கெட்டால் விரலை மாற்றுவதற்கு முன் கட்டையைச் சோதியுங்கள். கடற்கரை ஈரத்தில் பியானோவின் மரமும் கட்டைக்குள் இருக்கும் ஃபெல்ட்டும் உப்பி, கட்டை இறுகும். அகல விரிந்த பலவீனமான விரல்தான் அதை முதலில் உணரும். கேட்காத நோட்டை 2-ஆம் விரலால் தனியாக, மெல்ல அழுத்துங்கள். பக்கத்துக் கட்டையைவிடத் தாமதமாக மேலே எழுந்தால் கோளாறு பியானோவில். ட்யூனரை அழையுங்கள், எண்ணெயோ ஸ்ப்ரேயோ அடிக்க வேண்டாம். பியானோவை ஜன்னலோரத்திலிருந்தும் ஓதம் ஏறும் வெளிச்சுவரிலிருந்தும் தள்ளிப் போடுங்கள்.